இணையத்தளத்தில் விளம்பரத்திற்கு உரிய இடம்

இலண்டன் மாநகரத்து 'தி டைம்ஸ்' நாளிதழ் தன் முதற்பக்கத்தை நெடுங்காலம் சிறு விளம்பரங்களுக்கே வழங்கியிருந்தது. 1966ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் தொடக்கமே அப்பக்கத்திற் செய்திகள் இடம்பெறலாயின. காசு கொடுத்துத் தாளை வாங்கியவர் பக்கம் புரட்டிச் செய்தியை அடைந்தனர். இணையத்தளத்திற் புகுவோரோ அங்ஙனம் பொறுத்திரார். ஒரு விரலசைவில் வேறிடம் செல்வர். ஆதலின், விளம்பரத்தை எங்கே வைப்பது என்னும் வினா வருவாயை மாத்திரம் பற்றியதன்று; படிப்போரின் நம்பிக்கையையும் பற்றியதாகும்.

1994ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27ஆம் நாள் 'ஹொட்வயர்ட்' என்னும் அமெரிக்க இணையத்தளத்திற் பதாகை விளம்பரங்கள் தோன்றின. பின்னர்ப் பக்கத்தின் உச்சியே அவற்றுக்கு வழமையான இடமாயிற்று. ஆயினும், தகவலைத் தேடி வருவோர் பதாகை போன்று தனித்துத் தோன்றுவனவற்றைக் காணாதே கடந்து செல்வதைப் பென்வே, லேன் என்னும் ஆய்வாளர் இருவர் 1998இல் எடுத்துக்காட்டி, அதனைப் 'பதாகைக் குருடு' என்றனர். கண்ணெதிரே இருத்தல் வேறு, கருத்திற் படுதல் வேறு என்பது இதனாற் புலனாம்.

இதனை உணராதார் பதாகையைப் பெரிதாக்குவர். அன்றேல் பொத்தான்களின் அருகே செருகுவர். அதனால் தவறுதலாக அழுத்துவோர் தொகையே பெருகும். அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் பணம் செலுத்தும் வணிகர்க்கோ வாடிக்கையாளர் கிட்டார். அன்றியும், உச்சியை விளம்பரங்களால் நிறைக்கும் தளங்களைத் தேடல் முடிவுகளிற் பின்தள்ளும் முறையைக் கூகிள் நிறுவனம் 2012இல் மேற்கொண்டது.

அங்ஙனமாயின் உரிய இடம் யாது? படிப்பு இயல்பாக இளைப்பாறும் இடமே அஃது. கட்டுரையின் ஒரு பகுதி முடிந்து மறுபகுதி தொடங்கும் இடைவெளியும், கட்டுரையின் இறுதியும் அத்தகையன. இறுதிவரை படிப்போர் சிலரே யாதலின், அடியில் மாத்திரம் வைத்தல் போதாது. காட்சி விளம்பரத்தின் பரப்பிற் பாதியேனும் ஒரு விநாடி திரையில் நின்றாலன்றி, அது காணத்தக்கதாகப் பொதுவாகக் கணிக்கப்படுவதில்லை. மேலும், விளம்பரம் எழுத்துக்குப் பிந்தியே பெரும்பாலும் வந்துசேரும். அதற்குரிய பரப்பை முன்னரே ஒதுக்காவிடின், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே நகர்ந்துவிடும். 'விளம்பரம்' என்னும் குறிப்பும் அதன்மேல் தெளிவாக இருத்தல் வேண்டும்.

கோயில் திருவிழாவிற் கடைகள் வீதியோரங்களில் அமைகின்றன. தேரோடும் வழியை மறித்து எவரும் கடை விரிப்பதில்லை. வழிபட வந்தோர் வந்த கருமம் முடிந்தபின் கடைகளையும் நாடுவர். இணையத்தளம் நடத்துவோர் கைக்கொள்ள வேண்டிய நெறியும் இதுவேயாம்.