பொருளாதாரப் படிப்பும் நம் கடைப் பிள்ளைகளும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் சங்க அலுவலகத்திலும் மார்க்கெட் டீக்கடையிலும் பேச்சு ஒன்றுதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? "காமர்ஸில் போடு, பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரட்டும்" என்பதே நம்மவர்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில். ஆனால் அண்மைக் காலமாகப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், "எகனாமிக்ஸ் படிக்கிறேன், பைனான்ஸ் படிக்கிறேன்" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது என்ன படிப்பு, கடைக்கு ஆகுமா என்று உறுப்பினர்கள் பலர் நம்மிடம் விசாரித்தார்கள். எனவே நாம் அறிந்தவற்றை வணிகப் பெருமக்களுக்குச் சொல்கிறோம்.

பி.காம். என்பது நடந்த வியாபாரத்தை முறையாக எழுதும் படிப்பு. பேரேடு, ஐந்தொகை, வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் வரும். ஆடிட்டராக வேண்டும் என்றால் சி.ஏ. தேர்வு தனியாக எழுத வேண்டும். ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் காலத்தை 2023-இல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். பொருளாதாரம் வேறு. விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, ஜனங்கள் எதை முதலில் வாங்குகிறார்கள், எதைக் கைவிடுகிறார்கள் என்று காரணம் தேடும் படிப்பு அது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். விலை உச்சத்துக்குப் போன வருடம் எல்லா விவசாயியும் வெங்காயமே போடுகிறார். அடுத்த பருவத்தில் சரக்கு குவிந்து, மூட்டைக்கு ஏற்றுக்கூலிகூடத் தேறாமல் போகிறது. அதற்கடுத்த பருவம் யாரும் பயிரிடாமல் மறுபடி விலை ஏறுகிறது. இந்தச் சுழலைக் கல்லூரியில் படமாக வரைந்தால் சிலந்தி வலை போல வரும், பெயரும் அதுவே. உப்பு விலை ஏறினாலும் ஒரு பாக்கெட் குறையாமல் போகிறது, முந்திரி விலை ஏறினால் அப்படியே தங்கிவிடுகிறது. இதற்கும் அங்கே கணக்கு உண்டு. குடும்பத்தின் வருமானம் கூடக்கூடச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர் 1857-லேயே கண்டு சொன்னார். மளிகைக்காரர் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நம்மைப் பற்றியே ஒரு பாடம் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர் 1967-68இல் இந்தியாவில் இருந்தவர். 1970-இல் அவர் எழுதிய கட்டுரை பெரும்பாலும் பழைய கார் சந்தையைப் பற்றியது. அதில், கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லை நம் நாட்டுப் பெண்கள் பொறுக்க வேண்டியிருப்பதையும் எழுதியிருக்கிறார். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் எல்லாச் சரக்கையும் சந்தேகித்து விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்குக் கலப்படக்காரரால் கொடுக்க முடியும், நல்ல சரக்கு விற்பவரால் முடியாது. கடைசியில் சந்தையை விட்டுப் போவது நல்ல வியாபாரிதான். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரை முக்கியக் காரணமாக 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் தகப்பனார் காலத்திலிருந்து நாம் வாயால் சொல்லி வந்ததை அவர் கணக்கால் நிரூபித்தார் என்றே நமக்குப் படுகிறது.

நிதியியல் இன்னும் நேரடியாகக் கடைக்கு உதவும். தண்டல் கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய்த் தண்டலில் கைக்கு வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பதினைந்து சதவீதம்தானே" என்பார் வாங்குபவர். ஆனால் 8,500 ரூபாய் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை, மறுநாளிலிருந்தே கரைகிறது. அசல் குறைவதைக் கணக்கில் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி ஆகிறது. 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தண்டலைத் தடை செய்தும் மாலையில் வசூலுக்கு வரும் சைக்கிள்கள் மோட்டார் சைக்கிளாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கொள்முதலிலும் இதே கதை. பத்து நாளில் பணம் கட்டினால் 2 சதவீதக் கழிவு, இல்லையென்றால் முப்பது நாளில் முழுத்தொகை என்கிறார் ஆலைக்காரர். இரண்டுதானே என்று விடுகிறோம். 98 ரூபாயை 20 நாள் கூடுதலாக வைத்திருக்க 2 ரூபாய் கொடுக்கிறோம் என்று பொருள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 37 சதவீதத்துக்கு மேல். வங்கி ஓ.டி. வட்டி இதில் பாதிகூட வராது. ஓ.டி.யில் எடுத்துப் பத்தாம் நாள் கட்டுவதே லாபம். இதைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை கடையில் இருந்தால், படிப்புச் செலவில் ஒரு பகுதி கழிவிலேயே திரும்பிவிடும்.

இனி முக்கியமான விஷயம், கணிதம். பிளஸ் ஒன்னில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் ஒன்றாக வரும். நான்காவதாக வரலாறு, கணினி, வணிகக் கணிதம் என்று பள்ளிக்கு ஏற்ப இருக்கும். சுலபம் என்று கணிதத்தை விட்டுவிட்ட பிள்ளைக்கு மேலே சில கதவுகள் மூடிவிடுகின்றன. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேர நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியாக வேண்டும். எம்.ஏ. வரை போகிறவர்களுக்குப் பாடமே பாதி கணிதம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் கணிதம் இல்லாமலே பி.ஏ. பொருளாதாரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு, இருபது வயதில் மாற்ற முடியாதது. வணிகக் கணிதத்தை ஏற்பார்களா, முழுக் கணிதம்தான் வேண்டுமா என்பதைச் சேர விரும்பும் இடத்திலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

"படித்தவன் கடைக்கு வரமாட்டான்" என்ற பயம் நமக்கும் உண்டு. இஞ்சினீயரிங் படித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? பொருளாதாரம் படித்தவனாவது கடையை ஒரு பொருட்டாக மதிப்பான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களைச் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பி வரவு செலவை விசாரித்து எழுதச் சொன்னார். அந்தத் தொகுப்பு 1918-இல் புத்தகமாயிற்று. இன்றும் படிப்பின் முடிவில் திட்ட அறிக்கை கேட்கும் கல்லூரிகள் உள்ளன. நம் கடையின் பத்து வருடச் சிட்டைகளைப் பிள்ளையிடம் கொடுத்து அதையே எழுதச் சொல்லலாம்.

கடையை விட்டு நகர முடியாத பிள்ளைக்குத் தபால் வழி உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம். சேர்க்கும் முன் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் அவ்வாண்டு உள்ளதா என்று பாருங்கள். சேர்த்துவிட்ட பிறகு தேர்வு வாரத்தில் லோடு இறக்க அவனைக் கூப்பிடாதீர்கள்.