ஊசிக்குப் பயந்தவரின் கதை

தாய்மார்களே, வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டு, முகத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். “அம்மா வந்திருக்கிறாள்” என்று அடக்கமாகச் சொல்கிறோம். தாளிப்பதை நிறுத்துகிறோம். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோம். பாட்டி காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. இதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் வேப்பிலை செருகியதோடு நின்றுவிடலாமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லுமுன் உங்களுக்கு ஓர் உண்மைக் கதை சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் சோமாலியா என்றொரு நாடு. அங்கே மெர்க்கா என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில் சமையல்காரராக இருந்தவர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் பெரியம்மை கண்ட இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றி வந்தார்கள். நோயாளிகளைத் தனியாக வைக்கும் முகாமுக்கு வழி தெரியவில்லை. மாலின் காரில் ஏறி வழி காட்டினார். அவர் காரில் இருந்தது சில நிமிடங்கள்தாம். அந்தச் சில நிமிடங்களே போதுமானதாகிவிட்டன.

பத்து நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியா என்றார்கள். பிறகு உடம்பில் பொரிந்ததும் சின்னம்மை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில்தான் அது பெரியம்மை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்த மனிதருக்கு அம்மை குத்தியிருக்க வேண்டாமா? குத்திக்கொள்ளவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஊசி வலிக்குமே என்ற பயம்! அவரே பின்னாளில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் சுகாதார ஊழியர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். மாலின் யார் யாரைப் பார்த்தார், யாரோடு உட்கார்ந்து பேசினார், யார் அவரை நலம் விசாரிக்க வந்தார் என்று ஒவ்வொருவராகத் தேடினார்கள். 161 பேர் கிடைத்தார்கள். அத்தனை பேரையும் கண்காணித்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். சாலையில் காவல் போட்டார்கள். இரண்டே வாரத்தில் அந்த வட்டாரத்தில் 50,000 பேருக்கு மேல் அம்மை குத்தினார்கள். நோயாளியைச் சுற்றி வேலி கட்டியது போன்ற வேலை இது. வேலிக்குள் அகப்பட்ட நோய்க்கு வெளியே போக வழியில்லை. மாலின் பிழைத்துக்கொண்டார். அவரிடமிருந்து வேறு ஒருவருக்கும் நோய் பரவவில்லை.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் உலகத்தின் கடைசி நோயாளி அவர்தான். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. எத்தனையோ தலைமுறைகளைக் குருடாக்கி, முகத்தைத் தழும்பாக்கி, சுடுகாட்டுக்கு அனுப்பிய நோய், துப்பறிவதைப் போல ஆள் ஆளாகத் தேடிப் பிடித்ததனாலும் ஊசியினாலும் ஒழிந்தது.

அப்படியானால் தட்டம்மையையும் அதே வேலியால் நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மணல்வாரி என்று சிலரும், சம்பாக் என்று மலாய்க்காரர்களும் சொல்லும் அந்த நோய் வேறு மாதிரி. பெரியம்மை கண்டவர் பெரும்பாலும் உடம்பில் பொரிந்த பிறகுதான் பிறருக்கு நோயைக் கொடுப்பார். பார்த்தால் தெரியும், பிரித்து வைக்கலாம். தட்டம்மையோ பொரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அப்போது பிள்ளைக்கு வெறும் சளி, இருமல், கண் சிவப்பு, காய்ச்சல்தான். “சாதாரணச் சளி” என்று ஆயாக் கொட்டகைக்கும் பள்ளிக்கும் அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். தடுப்பு இல்லாத 10 பேர் அருகில் இருந்தால் 9 பேரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, தட்டம்மை வந்த பிறகு வேலி கட்டக் கிளம்பினால் பாதி ஆடு வெளியே போயிருக்கும். வேலியை முன்கூட்டியே கட்ட வேண்டும். 100 பேரில் 95 பேருக்குத் தடுப்பு இருந்தால்தான் இந்த நோய் பரவ வழியில்லாமல் அடங்கும். ஆயாக் கொட்டகையில் 20 பிள்ளைகள் இருந்தால் 19 பேருக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய அந்த ஒன்று யார்? இன்னும் ஊசிக்கு வயது வராத கைக்குழந்தையாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்கும் காவல்.

வேலியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே கண்டோம். கிளந்தானில் குவா மூசாங் அருகே குவாலா கோ என்றொரு பூர்வகுடியினர் கிராமம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். 2019இல் அங்கே ஒருவர்பின் ஒருவராக மக்கள் இருமலும் மூச்சுத் திணறலும் கண்டு இறந்தார்கள். சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. “தண்ணீரில் நஞ்சு கலந்திருக்குமோ?” என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். ஜூன் மாதத்தில் சோதனை முடிவு வந்தபோதுதான் அது தட்டம்மை என்று தெரிந்தது. அந்த மக்கள் காட்டில் இடம் மாறி மாறி வாழ்பவர்கள். தாதி வரும் நாளில் பிள்ளை ஊரில் இருப்பதில்லை. இரண்டு ஊசியும் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

இதைப் படிக்கையில் நமக்கும் உறைக்க வேண்டும். நாமும் இடம் மாறுகிறவர்கள்தாமே? இந்தத் தோட்டத்தில் வேலை முடிந்தால் அடுத்த தோட்டம். தோட்டம் துண்டாடப்பட்டால் பட்டணத்து அடுக்குமாடி வீடு. மூட்டை கட்டும்போது பானை சட்டியை மறக்கமாட்டோம். பிள்ளையின் ஊசிப் புத்தகம் மட்டும் எங்கேயோ போய்விடும். முதல் ஊசி பழைய ஊரில். இரண்டாவது ஊசி யாருக்கும் நினைவில்லை.

மலேசியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1982 முதல் அரசாங்கத் திட்டத்தில் உள்ளது. இப்போது 9ஆம் மாதம் ஒன்று, 12ஆம் மாதம் ஒன்று என இரண்டு ஊசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் சேர்த்துத் தடுப்பது அது. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சல் வரலாம். கொஞ்சம் சிவப்பாகப் பொரியலாம். இரண்டொரு நாளில் சரியாகிவிடும். “இந்த ஊசி பிள்ளையின் மூளையைப் பாதிக்கும்” என்று கைப்பேசியில் வருவதை நம்பாதீர்கள். 1998இல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய புரளி அது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, வீட்டில் அம்மை கண்டுவிட்டது, என்ன செய்வது? வேப்பிலை செருகுங்கள், சாமி கும்பிடுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். போகுமுன் சொல்லி அனுப்பினால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்கமாட்டார்கள். பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். நல்ல ஆகாரமும் தண்ணீரும் தேவை. வைட்டமின் ஏ மருந்தை டாக்டர் கொடுப்பார். மூச்சு வாங்கினால், குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், சோர்ந்து எழாமல் கிடந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்க்க வருகிறோம் என்று லயமே திரண்டு வர வேண்டாம். பக்கத்து வீட்டில் ஊசி போடாத பிள்ளை இருந்தால் தாதியிடம் உடனே சொல்லுங்கள். 3 நாளுக்குள் ஊசி போட்டால் அந்தப் பிள்ளை தப்பிக்க வாய்ப்புண்டு.

பிறகு சுகாதார அதிகாரி வீட்டுக்கு வருவார். தட்டம்மையைக் கண்ட டாக்டர் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். “எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள்? எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள்? யார் வந்து பார்த்தார்கள்?” என்று துருவித் துருவிக் கேட்பார். குற்றம் சுமத்த அல்ல. மெர்க்காவில் 161 பேரைத் தேடியது போல, அடுத்த பிள்ளையைக் காப்பாற்றக் கேட்கிறார். ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லை என்று பயந்து பிள்ளையை மறைத்து வைக்கவும் வேண்டாம். நோய் பத்திரம் பார்த்து வருவதில்லை. கிளினிக்கில் போய் விவரம் கேளுங்கள்.

மாலின் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிழைத்து எழுந்த அவர் பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து கொடுக்கும் பணியில் சேர்ந்தார். தயங்கிய தாய்மாரிடம் தம் கதையையே எடுத்துச் சொன்னார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியா கண்டு இறந்தார்.

இன்று இரவு வேலையெல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து பிள்ளையின் ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஊசிக்கு நேரே தேதி இருக்கிறதா? இல்லையென்றால் கிளினிக் திறக்கும் அடுத்த நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். பிள்ளை இருந்தால் சம்பாதித்துக்கொள்ளலாம்.