புல் வெட்டுற வண்டி ரேஸ் வண்டி ஆகுமா? கம்பம் பள்ளத்தாக்கு இளைஞர்களுக்கு ஒரு மெக்கானிக் பாடம்!

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கத்து ஆட்களுக்குப் பந்தயத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டாஞ்சிட்டு என்று மாட்டுவண்டிப் பந்தயத்தில் இருக்கும் பிரிவுகளைச் சின்னப் பசங்ககூட மூச்சுவிடாமல் சொல்வார்கள். அந்தப் பந்தய வண்டியைக் கவனிச்சிருக்கீங்களா? பாரம் ஏற்றும் வண்டியில் இருக்கும் பலகை, பக்கத் தடுப்பு எதுவும் அதில் இருக்காது. வேலைக்கான வண்டியில் எடையைக் குறைத்துக் குறைத்து, ஓடுவதற்கு மட்டும் எது வேண்டுமோ அதை விட்டுவைத்திருப்பார்கள்.

இதே யோசனை இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்கும் வந்தது. அங்கே மாடு இல்லை, புல் வெட்டும் இயந்திரம்!

மைதானத்தில் பிறந்த ரேஸ்

1973-ம் வருடம். சசெக்ஸ் பகுதியில் இருக்கும் விஸ்பரோ கிரீன் என்ற கிராமம். ஜிம் கேவின் என்ற மோட்டார் பந்தயப் பிரியரும் நண்பர்களும் அங்கே ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்கள். கார் ரேஸுக்குச் செலவு எக்கச்சக்கம், சாதாரண ஆட்கள் கலந்துக்கவே முடியலை என்பதுதான் அவர்களின் வருத்தம். வெளியே கிராமத்து மைதானத்தில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். 'இது எல்லார் வீட்டிலும் இருக்கே, இதையே ஓட்டினால் என்ன?' என்று கிளம்பியதுதான் பிரிட்டிஷ் புல்வெட்டி பந்தயச் சங்கம்.

ஸ்பான்சர் கிடையாது, பரிசுப்பணம் கிடையாது என்பது அவர்கள் வைத்த விதி. ஃபார்முலா 1 ஜாம்பவான் ஸ்டிர்லிங் மாஸ் வரை இதில் ஓட்டி ஜெயித்திருக்கிறார். விடிய விடிய நடக்கும் 12 மணி நேரப் பந்தயமும் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ட்வெல்வ் மைல் என்ற ஊரில் இதற்கு முன்பே, 1963-லிருந்து புல்வெட்டிப் பந்தயம் நடக்கிறது.

சரி, மணிக்கு 7 கிலோமீட்டர் ஊர்ந்து போற வண்டி எப்படி ரேஸ் வண்டி ஆகுது?

முதலில் பிளேடு

சங்கங்கள் கறாராகச் சொல்லும் முதல் விதி, அடியில் சுழலும் பிளேடைக் கழற்றியே ஆக வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஆள் அடியில் மாட்டக்கூடும் என்பதுதான் காரணம். கூடவே எடையும் குறையும். பிளேடு தரையில் இடிக்கக் கூடாது என்று உயர்த்தி வைத்த உடம்பையும் இனி கீழே இறக்கலாம். வண்டி எவ்வளவு தாழ்வோ, வளைவில் கவிழும் பயம் அவ்வளவு குறைவு.

வேகம் எங்கிருந்து வருது?

இன்ஜினையும் கியரையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கப்பி. கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இன்ஜின் பக்கம் 8 சென்டிமீட்டர் கப்பி, கியர் பக்கம் 16 சென்டிமீட்டர் கப்பி. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கியர் ஒரு சுற்றுதான் சுற்றும். இப்போ இரண்டையும் இடம் மாற்றுங்கள். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினாலே கியர் இரண்டு சுற்று சுற்றும். அதாவது வேகம் நான்கு மடங்கு. 7 கிலோமீட்டரில் போன வண்டி 28-க்கு வந்துவிடும்.

இலவசமா எதுவும் கிடைக்காது இல்லையா? இழுவைத் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கிளம்பும்போது வண்டி திணறும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது தப்பான கியரில் மாட்டிக்கிட்டா வருமே அதே அவஸ்தை.

கவர்னரைத் தொட்டால்?

இங்கேதான் விளையாட்டு வினை ஆகும் இடம். இந்தச் சின்ன இன்ஜின்களில் கவர்னர் என்று ஓர் அமைப்பு உண்டு. இன்ஜின் வேகம் கூடக்கூட அதற்குள் சுழலும் சின்ன எடைகள் வெளிப்பக்கம் விரியும், த்ராட்டில் தானாக மூடிக்கொள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றைத் தாண்டவிடாது. பந்தய மாடு களைத்தால் அதுவாகவே வேகத்தைக் குறைக்கும். இன்ஜினுக்குக் களைப்பு தெரியாது. அதற்குப் பதிலாகத்தான் கவர்னர்.

அதைக் கழற்றி 7,200 சுற்று ஓடவிட்டால் 28 கிலோமீட்டர் 56 ஆகும். ஆனால், சுற்று இரண்டு மடங்கானால் உள்ளே சுழலும் பாகங்களைப் பிய்க்கப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். 3,600-க்காகச் செய்த அலுமினிய கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் சுவரைத் துளைத்துக்கொண்டு வரலாம். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடித்தால், துண்டுகள் தோட்டா மாதிரி பறக்கும். அதனால்தான் வேகத்தைக் கூட்ட அனுமதிக்கும் பிரிவுகளில் போட்டியிடுபவர்கள், முழு உலோகக் கட்டியில் கடைந்தெடுத்த ராடும் ஃப்ளைவீலும் மாட்டாமல் கவர்னரைத் தொடுவதில்லை.

64 மடங்கு!

7 கிலோமீட்டர் 56 ஆனால் வேகம் 8 மடங்குதான். ஆனால், பிரேக் அடித்து நிறுத்த வேண்டிய ஆற்றல் 8 மடங்கு இல்லை, 64 மடங்கு. அதே வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசையும் 64 மடங்கு. பழைய பிரேக் இதற்குத் தாங்காது. டிஸ்க் பிரேக், உறுதியான ஸ்டியரிங், அகலமான அச்சு எல்லாமே புதிதாக வேண்டும். ஓட்டுபவர் உடம்போடு கட்டிய கயிறு ஒன்றும் இருக்கும். அவர் கீழே விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் உடனே நின்றுவிடும். வேகத்தைக் கூட்டுறது பாதி வேலைகூட இல்லை, அதை நிறுத்துறதுதான் பெரிய வேலை.

கம்பெனிகளே களத்தில் இறங்கினால் கணக்கு வேறு. 1,000 சிசி பைக் இன்ஜின் பொருத்திய ஹோண்டாவின் புல்வெட்டி, 2014-ல் மணிக்கு 187 கிலோமீட்டரைத் தாண்டி கின்னஸ் சாதனை படைத்தது. 2019-ல் வந்த அடுத்த வண்டி, நின்ற இடத்திலிருந்து 160 கிலோமீட்டர் வேகத்தை 6.285 விநாடியில் தொட்டது.

நம்ம ஊர் முன்னோடி

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு' என்று நினைக்காதீர்கள். ஓடுற வண்டியின் இன்ஜினை எடுத்து ரேஸ் வண்டி செய்த ஆள் நம் கோவையிலேயே இருந்தார். எஸ்.கரிவரதன், குடும்பங்கள் ஓட்டிய மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் பல இளைஞர்கள் ரேஸுக்குள் வர அது வழியானது. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்தப் பள்ளியில் பழகியவர்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கவனியுங்கள், அவர் அதை ரோட்டில் ஓட்டவில்லை. சோழவரம் மாதிரியான பழைய விமான ஓடுதளத்திலும் ரேஸ் டிராக்கிலும்தான் அந்தக் கால வேகம் எல்லாம்.

உங்கள் வீட்டுப் பையன் கேட்டால்?

பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் ஓடும் பவர் டில்லரையோ, அப்பாவின் பழைய பைக்கையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பசங்க நம்ம ஊரில் நிறைய. அந்த ஆர்வத்தைத் திட்டாதீங்க, ஆனா ரோட்டுக்கு மட்டும் விடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் முதல்முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது தனிக் குற்றம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சந்திக்க நேரிடும்.

அதற்குப் பதிலாக 'பாஹா' என்ற பெயரைச் சொல்லிக்கொடுங்கள். இந்தியாவில் 2007-ல் தொடங்கிய இன்ஜினீயரிங் மாணவர்களுக்கான போட்டி இது. கரடுமுரடான பாதையில் ஓடும் ஒற்றை ஆள் வண்டியை மாணவர்களே வடிவமைத்து, வெல்டு அடித்து, ஓட்டிக் காட்ட வேண்டும். புல்வெட்டி இன்ஜின்களுக்குப் பேர்போன பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் கம்பெனியின் 10 குதிரைத்திறன் இன்ஜினைத்தான் இதில் எல்லா அணிக்கும் பொதுவாக வைத்தார்கள். இன்ஜினைப் பிரித்து மாற்றக் கூடாது, கவர்னரைக் கழற்றக் கூடாது. ஜெயிக்க வேண்டுமென்றால் எடையிலும் கியரிலும் சஸ்பென்ஷனிலும்தான் மூளையைக் காட்ட வேண்டும்.

பலகையைக் கழற்றி, எடையைக் குறைத்து மாட்டுவண்டியை ஓட வைத்த நம்ம ஊர் ஆட்களுக்கு அந்த மூளை ஏற்கெனவே இருக்கு. பையன் பிளஸ் டூ முடிக்கிறானா? கல்லூரி சேர்க்கும்போது, 'இங்கே பாஹா டீம் இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.