25 சதவீத இடம் யாருக்குக் கிடைக்கிறது?

வசதி குறைந்த வீட்டுக் குழந்தை கட்டணம் கட்டாமல் தனியார் பள்ளியில் படிக்கத் தமிழ்நாட்டில் உள்ள முதன்மையான வழி, கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு. ஊர்ப் பேச்சில் இதற்கு 'ஆர்.டி.இ. சீட்' என்று பெயர். 2009-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த இந்தச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. எல்.கே.ஜி.யில் 40 பேரைச் சேர்க்கும் பள்ளியில் 10 இடங்கள் இப்படி வரும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு அந்தப் பள்ளிக்குத் திருப்பித் தரும்.

தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2014 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டத்திலிருந்து முழு விலக்கு அளித்தது. அந்த விலக்கு சரிதானா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமே 2025 செப்டம்பரில் மறுபடி எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள பொன்னமராவதி போன்ற பேரூராட்சியில் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதன் பலமும் ஓட்டையும் சேர்ந்தே தெரியும். கல்விக்குக் கொடை தருவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பக்கத்து ஊரான மேலைச்சிவபுரியில் 1909-இலேயே நகரத்தார் கொடையில் சன்மார்க்க சபை தொடங்கப்பட்டு, அதன் வழியே தமிழ்க் கல்லூரியும் எழுந்தது. கொடை என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. 12(1)(சி) தருவதோ உரிமை. தகுதியுள்ள குடும்பம் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தகுதி இரண்டு வகை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 'நலிவடைந்த பிரிவு'. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்பதில் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோர் வருகிறார்கள். இவர்களுக்குச் சாதிச் சான்றிதழே போதும், வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்கு உள்ளானவர்கள், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் குலுக்கல் இல்லாமலே முதலில் இடம் தரப்படும்.

தமிழ்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பிரிவில் அடங்கிவிடுவார்கள். அதனால் நூறுநாள் வேலைக்குப் போகும் தாயின் குழந்தையும், ஊரில் இரண்டு கடை வைத்திருப்பவரின் குழந்தையும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். சாதியால் வாய்ப்பு இழந்தவர்களைச் சேர்த்தது நியாயமே. ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஏழைக்கு முன்னுரிமை இல்லாமல் போனது பெரிய குறை. சட்டத்தின் நோக்கத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

வயதும் தூரமும் அடுத்த வாசல்கள். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் 3 வயதும், ஒன்றாம் வகுப்புக்கு 5 வயதும் நிறைந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கே விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் இணையவழியில்தான். பல பெற்றோர் இ-சேவை மையத்தில்தான் பதிகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருப்பிடச் சான்று, குழந்தையின் புகைப்படம் எல்லாம் கைவசம் இருந்தாலும், சாதி அல்லது வருமானச் சான்றிதழ் வாங்கத்தான் நாளாகும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்த மனு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். வழக்கமாக ஏப்ரல் பிற்பாதியில் திறந்து மே மாதத்தில் மூடப்படும் விண்ணப்பக் காலத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

விண்ணப்பங்கள் இடத்தைவிடக் கூடினால் பள்ளியிலேயே, பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும். பெயர் எழுதிய சீட்டுகளை மடித்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்கள். குழந்தைக்குத் தேர்வோ பெற்றோருக்கு நேர்காணலோ வைக்கக் கூடாது, நன்கொடையும் கேட்கக் கூடாது என்பதைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது.

இந்த 1 கிலோமீட்டர் விதி சென்னையின் நெருக்கமான தெருக்களுக்குப் பொருந்தலாம். பொன்னமராவதி வட்டாரத்துக்கு இது கொஞ்சமும் பொருந்தாத அளவுகோல். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் பேருந்து வசதியும் கட்டணம் கட்டும் குடும்பங்களும் உள்ள ஊர்களை ஒட்டியே அமைகின்றன. வானம் பார்த்த நிலத்தையும் கூலி வேலையையும் நம்பி வாழும் குடும்பங்களோ சுற்றுக் கிராமங்களில் இருக்கின்றன. ஆலவயலில் வசிக்கும் குழந்தைக்குப் பொன்னமராவதிப் பள்ளி எந்த அளவிலும் 1 கிலோமீட்டருக்குள் வராது. அதே பள்ளியின் வேன் காலையில் கிராமம் கிராமமாகப் போய்க் கட்டணம் கட்டும் பிள்ளைகளை ஏற்றி வரும். காசு கட்டினால் தடையாக இல்லாத தூரம், உரிமை கேட்டால் மட்டும் தடையாகிறது. கிராமப்புற வட்டங்களுக்கு இந்த எல்லையை அரசு தளர்த்துவதே நியாயம்.

இடம் கிடைத்த பிறகும் செலவு தீர்வதில்லை. தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு வகுத்த தொகை, அரசு தன் பள்ளியில் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அரசு தருகிறது. வேன் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் ஆகியவை பல இடங்களில் பெற்றோர் தலையில்தான் விழுகின்றன. பாடநூல், சீருடைச் செலவையும் மாநில அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் கூறியது.

அரசின் பணம் தாமதமானால் திட்டமே நின்றுபோகும் என்பது 2025-இல் தெரிந்தது. ஒன்றிய அரசின் 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதைக் காரணம் காட்டி மாநில அரசு அந்த மே மாதம் ஆர்.டி.இ. விண்ணப்பத்தையே தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தை மற்ற நிதியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு பகுதிப் பணம் வந்த பிறகு அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதுவும் ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில். ஜூனில் கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளிப் பக்கமே போகாத குடும்பத்துக்கு அதனால் பயன் ஏதுமில்லை. இரண்டு அரசுகளின் வழக்குக்கு மூன்று வயதுக் குழந்தை விலை கொடுத்தது.

விவரம் அறியாத பெற்றோர் இடறும் இடம் வேறொன்று உண்டு. இலவசம் 8-ஆம் வகுப்பு வரைக்கும்தான். நர்சரி பிரைமரி பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கோ 5-ஆம் வகுப்போடு பள்ளியே முடிந்துவிடும். ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டும் என்பதால் 6-ஆம் வகுப்பில் வேறு தனியார் பள்ளியில் இதே சலுகையைக் கேட்க வழியில்லை. ஆகவே 8-ஆம் வகுப்பு வரையாவது உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

9-ஆம் வகுப்புக்கு மேல் வேறு உதவிகள் சில உள்ளன. பட்டியல் இன மாணவர்கள் 'ஸ்ரேஷ்டா' திட்டத்தில் நுழைவுத் தேர்வு எழுதி, 9 அல்லது 11-ஆம் வகுப்பில் தனியார் விடுதிப் பள்ளிகளில் சேரலாம். பிற்படுத்தப்பட்டோருக்கு 'பி.எம். யசஸ்வி' திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரையும், 11, 12-ஆம் வகுப்புகளுக்கு 1,25,000 ரூபாய் வரையும் தருகிறது. இரண்டுக்கும் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். 8-ஆம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வு வழியே மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் உதவித்தொகை அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது.

இந்த உதவிகள் கிடைக்காத பிள்ளைகள் பலர் 9-ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கே திரும்புகிறார்கள். அது இழப்பு அல்ல. ஆர்.டி.இ. வழியே 8-ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்கும் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு என்று 2020-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கான 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இப்படிப் படித்த மாணவிகள் தகுதி உடையவர்களே. ஆனால் சேர்க்கை ஆர்.டி.இ. வழியே நடந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். 8-ஆம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அதற்கான சான்றையும் பள்ளியிடமிருந்து எழுதி வாங்கி, பெற்றோர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.