வயிற்றுப் புண்ணும் கொல்லைப்புறக் கீரையும்



விடியுமுன் எழுந்து, ஒரு குவளை வரக்கோப்பியை மட்டும் குடித்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவதும், வெயில் ஏறிய பிறகே பசியாறுவதும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன வழக்கம். “நெஞ்சுக்குழி எரிகிறது, காஸ்ட்ரிக் வந்துவிட்டது” என்று சொல்லாத வீடு நம்மிடையே அரிது. அப்படி எரியும்போது நம் தாய்மார்கள் முதலில் நாடுவது கொல்லைப்புறத்துக் கீரைப் பாத்தியைத்தான். அது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இன்று சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நாம் உண்ணும் உணவைச் செரிக்க வைப்பதற்காக வயிறு கடுமையான அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் வயிற்றின் சுவரையே அரித்துவிடாமல், வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று காவலாக நிற்கிறது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி பட்டையோடு நின்றால் மரம் தானே ஆறிக்கொள்ளும். ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அதுபோலவே, சளிப்படலம் சிதைந்து அமிலம் உள்ளே இறங்கினால் வயிற்றிலோ, அதை அடுத்த முன்சிறுகுடலிலோ புண் உண்டாகிறது.

படலம் ஏன் சிதைகிறது? காரமும் கவலையும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளின் வயிற்றிலிருந்து சுருள் வடிவக் கிருமி ஒன்றை எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவர் வயிறு அழற்சி கண்டது. இக்கண்டுபிடிப்புக்காக 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டாரிடமிருந்து தொற்றுகிறது. நம் நாட்டில் நடந்த ஆய்வுகள், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபினாக், மெபெனாமிக் அமிலம் ஆகியவை மூட்டுவலியைத் தணிக்கும்; அதே வேளையில் வயிற்றின் காவல் படலத்தையும் மெலியச் செய்யும். பதிவு எண் இல்லாமல் விற்கப்படும் மூட்டுவலி மருந்துகள் சிலவற்றில் இத்தகைய மருந்துகளும் ஸ்டீராய்டும் மறைவாகக் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. “நாட்டு மருந்துதானே” என்று அவற்றை நம்பிவிடலாகாது.

இனி மூலிகைகளுக்கு வருவோம்.

முதலாவது, மணத்தக்காளி. இதன் கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் இதைக் கொடுப்பார்கள். காரமில்லாத, மென்மையான நல்ல உணவு இது. ஆனால் இதன் பச்சைக் காயில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பிள்ளைகள் அதைப் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாழைக்காய். 1984-இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்பிரின் கொடுத்த எலிகளுக்குக் காய்ந்த வாழைக்காய்ப் பொடியைத் தந்து பார்த்தார்கள். பொடி உண்ட எலிகளுக்குப் புண் குறைந்தது. பழுத்த பழத்துக்கு அந்தப் பலன் இல்லை. ஆயினும் எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, முட்டைக்கோசு. 1949-இல் அமெரிக்க மருத்துவர் கார்னட் செனி, பதின்மூன்று நோயாளிகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் கோசுச்சாறு கொடுத்து, புண் விரைவில் ஆறியதாக எழுதினார். பதின்மூன்று பேர் என்பது மிகச் சிறு தொகை. கோசு நல்ல காய்; அதை மருந்து என்று அழைக்க இவ்வளவு போதாது.

நான்காவது, அதிமதுரம். நாட்டு மருந்துக் கடையிலும் சீன மருந்துக் கடையிலும் இது கிடைக்கும். இதிலுள்ள சத்திலிருந்து செய்த கார்பினாக்சலோன் என்னும் மருந்தை 1960-களில் இங்கிலாந்தில் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்தார்கள், புண் ஆறியது. அதனோடு உடலில் நீர் கோத்தது. இரத்த அழுத்தம் ஏறியது. பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்தது. பின்னர் நல்ல மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். ஆகவே இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்ணலாகாது.

வெறும் பாலைக் குடித்தால் புண் ஆறும் என்பதும் தவறான எண்ணமே. பால் சற்று நேரம் எரிச்சலைத் தணிக்கும். பிறகு அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1994-இல் நான் இரண்டாம் படிவ மாணவி. என் தந்தையார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தின்பார். வயிறு எரிந்தது. அம்மா இரண்டு மாதம் மணத்தக்காளியாகச் சமைத்துப் போட்டார். எரிச்சல் குறைந்தது, மாத்திரையோ நிற்கவில்லை. ஒரு வாரம் மலம் தார்போல் கறுத்துப் போயிற்று. “கீரை தின்பதனால்தான்” என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஒருநாள் காலை அப்பா வெட்டுக் காட்டில் மயங்கி விழுந்தார். தோட்டத்து லோரியில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். சோதனையில் கிருமியும் இருந்தது. இரண்டு வார மருந்தில் அது ஒழிந்தது. வலி மாத்திரையையும் நிறுத்தினார். பின்னர் அவருக்கு அந்த நோய் திரும்பவில்லை.

அம்மா நெடுநாள் தன்னையே நொந்துகொண்டார். குற்றம் கீரையின்மேல் இல்லை, அம்மாவின்மேலும் இல்லை. எரிச்சல் தணிந்ததையே நோய் தீர்ந்ததாக நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அங்கேதான் தவறு நேர்ந்தது.

ஆகவே தாய்மார்களே, சில அடையாளங்களை மனத்தில் வையுங்கள். மலம் தார்போல் கறுப்பது, இரத்தமாகவோ கோப்பிக் கசடு போலவோ வாந்தி எடுப்பது, திடீரென வயிறு தாங்க முடியாதபடி வலிப்பது, மயக்கம் வருவது: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடல் காரணமின்றி மெலிந்தாலும், விழுங்கச் சிரமமாக இருந்தாலும், எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சையோ மலத்தையோ சோதித்துக் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமியைக் கொல்லும் மருந்துகளைப் பெரும்பாலும் இரண்டு வாரம் கொடுப்பார்கள். எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாமல் முழுவதையும் உண்ண வேண்டும். வீட்டில் உண்ணும் மூலிகைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகுமுன் இரண்டு பிஸ்கட்டாவது ஒரு பிடி சோறாவது உண்பது எரிச்சலைக் குறைக்கும். புகையும் மதுவும் புண்ணை ஆறவிடா. மணத்தக்காளியை வழக்கம்போல் சமைத்துப் போடுங்கள். அது நம் பாட்டிமார் தந்த நல்ல உணவு. நோயைக் கண்டறியும் வேலையை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.