நோயாளியின் கிண்ணம்: பாரசீக மருத்துவமும் சுவாச நோய்ப் பத்தியமும்

மரபு மருத்துவம் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் முடிந்துவிடுகின்றன. ஒன்று, எல்லாம் முன்னோர் அறிந்ததே என்ற பெருமிதம். மற்றது, எல்லாமே மூடநம்பிக்கை என்ற நிராகரிப்பு. ஈரானியரும் இதே சிக்கலுக்குள் நிற்பவர்களே. சுவாசத் தொற்றோடு வைத்தியசாலையில் கிடக்கும் நோயாளிக்கு அவர்களது மரபு எதை ஊட்டச் சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

இம்மரபின் ஆதார நூல் இப்னு சீனா (980–1037) அரபியில் எழுதிய ‘அல் கானூன்’. இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்ற கிரேக்கக் கோட்பாடே அதன் அடித்தளம். நாம் யூனானி என அறிந்திருப்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். உணவுக்கும் உடலுக்கும் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற இயல்புகள் உண்டு என்பதால், ‘இருமலுக்கு இது’ என்று எல்லோருக்கும் ஒன்றையே சொல்ல முடியாது. காய்ச்சலுடன் கூடிய நுரையீரல் அழற்சிக்குக் குளிர்ச்சியான பார்லிக் கஞ்சித் தெளிவு; காய்ச்சலின்றிச் சளி கட்டியவருக்குத் தேன், அவித்த டர்னிப் கிழங்கு. தயிரும் மீனும் சளிக்காரருக்கு விலக்கு.

ஆனால் இந்தப் பட்டியலைவிட முக்கியமானது அதன் பின்னுள்ள விதி. நோய் உச்சத்தை நெருங்கும்போது உடல் நோயோடு போராடுகிறது. அப்போது செரிமானச் சுமையை ஏற்றாதே, உணவைக் குறை என்கிறார் இப்னு சீனா. நோய் நீளுமாயின் வலு குன்றாதபடி ஊட்டு என்றும் சொல்கிறார். மேலும் உணவின் அளவு வேறு, ஊட்டம் வேறு என்று பிரிக்கிறார். வலு தேவை, ஆனால் வயிறு தாங்காது என்ற நிலையில் உள்ளவருக்கு அளவிற் சிறிய, ஊட்டத்திற் பெரிய உணவு வேண்டும். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று அரைவேக்காட்டு முட்டை.

நவீன மருத்துவம் இங்கே ஓரிடத்தில் முரண்படுகிறது, ஓரிடத்தில் உடன்படுகிறது. கடும் நோயில் தசை வேகமாகக் கரைகிறது. மூச்சுவிட உதவும் தசைகளும் இதற்கு விலக்கல்ல. தீவிர சிகிச்சையிலுள்ளவருக்கு 48 மணித்தியாலத்துக்குள் உணவூட்டலைத் தொடங்குமாறு ஐரோப்பிய வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஆகவே கஞ்சித் தெளிவை மட்டும் நாட்கணக்கில் கொடுப்பது பத்தியமல்ல, பட்டினி. சிறிய அளவு, செறிந்த ஊட்டம் என்ற விதியோ இன்றைய வைத்தியசாலைகள் புட்டியில் அடைத்துத் தரும் சத்துப் பானங்களின் தத்துவமும்தான். இருமலுக்குத் தேன் என்பதைப் பிரித்தானிய வழிகாட்டலும் 2019இல் ஏற்றது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் அது ஆகாது.

2007இல் தெஹ்ரான் மருத்துவப் பல்கலைக்கழகம் மரபு மருத்துவத்துக்குத் தனிப் பீடம் அமைத்தது. 2020இல் கொரோனா பரவியபோது வைத்தியசாலைகளில் மரபுச் சிகிச்சைகள் வழமையான சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜனவரியில் ஒரு மதகுரு நவீன மருத்துவப் பாடநூலொன்றை எரித்துக் காட்டினார். மரபைச் சோதனைக்கு உட்படுத்துவதும் மரபின் பேரால் நூலை எரிப்பதும் ஒன்றல்ல.

சோதனையும் எளிதானதல்ல. மாத்திரையைப்போல உணவை மறைத்துக் கொடுக்க முடியாது. பத்தியம் இருக்கிறோம் என்ற நம்பிக்கையே நோயாளியின் பதிலை மாற்றிவிடும். தொற்றுக்குள்ளான பலர் எப்படியும் குணமடைபவர்கள். எனவே ‘சாப்பிட்டார், சுகமானார்’ என்பது சான்றாகாது. ஒட்சிசனுக்கும், பக்டீரியாத் தொற்றெனில் நுண்ணுயிர்க்கொல்லிக்கும், எந்தக் கஞ்சியும் ஈடல்ல.

மரபிலிருந்து எடுக்கத்தக்கது கஞ்சியின் செய்முறையல்ல. ஒரே தட்டை எல்லா நோயாளிக்கும் நீட்டாமல், இவரால் இன்று எவ்வளவு உண்ண முடியும், எவ்வளவு தேவை என்று படுக்கையருகே நின்று கேட்கும் பழக்கம் அது. நம் பத்தியங்களையும் இதே கேள்வியால் அளந்து பார்ப்பதில் நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?