காபியும் இரத்தக் கொழுப்பும்: மரபணுவின் பங்கு என்ன?

இரத்தக் கொழுப்புப் பரிசோதனை முடிவைக் கையில் ஏந்தி வருவோர் பலர் மருத்துவரிடம் இவ்வாறு கேட்பதுண்டு: "என் தந்தை நாள்தோறும் ஐந்து டம்ளர் காபி குடித்தார், அவருக்குக் கொழுப்பு ஏறவில்லை. நான் இரண்டே டம்ளர்தான் குடிக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் ஏறியது?" இந்தக் கேள்விக்குரிய விடையில் காபி தயாரிக்கும் முறைக்கும் பங்குண்டு, பிறப்பிலேயே நாம் பெற்ற மரபணுக்களுக்கும் பங்குண்டு. இவ்விரண்டையும் தனித்தனியே அறிந்துகொண்டால், தேவையற்ற அச்சமும் தேவையற்ற செலவும் குறையும்.

காபியில் கொழுப்பை உயர்த்துவது எது?

பலரும் எண்ணுவதுபோல் அது காஃபீன் அன்று. காபிக்கொட்டையில் இயற்கையாக எண்ணெய் உள்ளது. அந்த எண்ணெயில் காஃபெஸ்டால், காவியோல் என்னும் இரு பொருள்கள் அடங்கியுள்ளன. இவற்றுள் காஃபெஸ்டாலே கொலஸ்டிராலை அதிகம் உயர்த்துகிறது.

1983-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் டிரோம்சோ நகர ஆய்வாளர்கள், அதிகம் காபி குடிப்போரின் இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடுதலாக இருப்பதை வெளியிட்டனர். காபித்தூளை நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டாமல் குடிப்பது அப்பகுதியில் வழக்கமாக இருந்தது. இதற்குக் காரணம் காபி எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால் என்பதைப் பின்னர் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

நமது கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுகிறது. காஃபெஸ்டால் இந்தப் பணியை மட்டுப்படுத்துகிறது. வெளியேற வேண்டிய கொலஸ்டிரால் தேங்குவதால், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். இரத்தத்தில் உயர்கிறது. நாளொன்றுக்கு 10 மி.கி. காஃபெஸ்டால் தொடர்ந்து உட்கொண்டால், மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 5 மி.கி. அளவு உயரும். காஃபீன் நீக்கிய காபியிலும் இந்த எண்ணெய் இருக்கும் என்பதை நினைவிற்கொள்ளவும்.

தயாரிக்கும் முறை ஏன் முக்கியம்?

கொதிக்கவைத்து வடிகட்டாத காபி, துருக்கி முறைக் காபி, அழுத்துக்குடுவையில் தயாரிக்கும் காபி ஆகியவற்றில் ஒரு குவளைக்குப் பல மில்லிகிராம் காஃபெஸ்டால் இருக்கும். தாள் வடிகட்டி இந்த எண்ணெயைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. உடனடிக் காபித்தூளில் (இன்ஸ்டன்ட்) இதன் அளவு மிகக் குறைவு. எஸ்பிரெசோ இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டது.

இங்கு ஒரு சொற்குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். "வடிகட்டிய காபி நல்லது" என்று மருத்துவக் கட்டுரைகள் கூறும்போது, அவை தாள் வடிகட்டியையே குறிக்கின்றன. நம் வீடுகளில் உள்ள பித்தளை அல்லது எவர்சில்வர் ஃபில்டரில் தாள் இல்லை. சிறு துளைகளே உள்ளன. அவை தூளைத் தடுக்கும். எண்ணெயைத் தாள் தடுப்பதுபோல் தடுக்கா. ஆகவே, "நான் ஃபில்டர் காபிதானே குடிக்கிறேன்" என்று கவலையற்று இருத்தல் சரியன்று. சிக்கரியில் காஃபெஸ்டால் இல்லை. ரோபஸ்டா வகைக் கொட்டையில் அது அராபிகாவைவிடக் குறைவு. கொழுப்பு நிறைந்த பாலும் சர்க்கரையும் தனியே இரத்தக் கொழுப்பைப் பாதிக்கும் என்பதையும் மறவாதீர்.

மரபணுக்கள் எவ்வாறு வேறுபாட்டை உண்டாக்குகின்றன?

முதலாவது, காஃபீனைச் சிதைக்கும் மரபணு. சி.ஒய்.பி.1ஏ2 என்னும் இம்மரபணுவின் வகையைப் பொறுத்து, சிலரின் கல்லீரல் காஃபீனை விரைவாகவும், சிலருடையது மெதுவாகவும் சிதைக்கும். மாலையில் குடித்த காபி சிலரின் உறக்கத்தைக் கெடுப்பதற்கும் சிலரைப் பாதிக்காமல் விடுவதற்கும் இது ஒரு காரணம். ஒருவர் நாள்தோறும் எவ்வளவு காபி குடிக்கிறார் என்பதோடும் இதற்குத் தொடர்புண்டு. ஆயினும், கொலஸ்டிராலை உயர்த்துவது காஃபீன் அன்று என்பதால், "காஃபீன் மரபணுப் பரிசோதனை" உங்கள் எல்.டி.எல். அளவைப் பற்றி அதிகம் சொல்லாது.

இரண்டாவது, கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்திற்கான ஏ.பி.ஓ.ஈ. மரபணு. இது ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வகைப்படும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். ஈ4 உடையோரிடம் எல்.டி.எல். சற்றுக் கூடுதலாகவும், ஈ2 உடையோரிடம் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஸ்வீடனில் நடந்து 2004-ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஈ2 உடையோருக்குக் காபியால் கொலஸ்டிரால் உயர்வது குறைவாக இருந்தது. ஒரே வீட்டில் ஒரே காபியைக் குடிக்கும் இருவரின் முடிவுகள் வேறுபடுவதற்கு இத்தகைய வேறுபாடுகளும் காரணமாகலாம். எனினும், தந்தையின் மரபணுக்களில் பாதியையே நீங்கள் பெற்றுள்ளீர்கள். அவரது உடலின் போக்கு அப்படியே உங்களுக்கும் அமைய வேண்டும் என்பதில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது: பரம்பரை உயர் கொலஸ்டிரால். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இக்குறைபாடு உள்ளது. இவர்களின் கல்லீரலால் எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து போதிய அளவு அகற்ற இயலாது. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்புண்டு. காபியை நிறுத்துவதால் மட்டும் இது சரியாகாது, மருந்து இன்றியமையாதது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

காபிக்காக மட்டும் தேவையில்லை. கொழுப்பளவைத் தீர்மானிப்பதில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கேற்கின்றன. ஒன்றை மட்டும் கண்டறிந்து முடிவெடுக்க இயலாது. உங்கள் உடல் காபிக்கு எவ்வாறு எதிர்வினையாற்றுகிறது என்பதை எளிய வழியில் அறியலாம்:

1. இரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்து, அளவுகளைக் குறித்துவைக்கவும்.

2. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குத் தாளில் வடிகட்டிய காபிக்கோ உடனடிக் காபிக்கோ மாறவும். இக்காலத்தில் உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றை மாற்ற வேண்டாம்.

3. அதே ஆய்வகத்தில் மீண்டும் பரிசோதித்து, இரு முடிவுகளையும் மருத்துவரிடம் காட்டவும்.

எல்.டி.எல். தெளிவாகக் குறைந்திருந்தால், புதிய முறையையே தொடரவும். மாற்றம் இல்லையெனில், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். சிறிய ஏற்ற இறக்கம் எவருக்கும் இயல்பாகவே இருக்கும் என்பதால், முடிவை மருத்துவருடன் கலந்தே எடுக்கவும்.

தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டியோர்

• எல்.டி.எல். அளவு டெசிலிட்டருக்கு 190 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்போர்.

• தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரில் எவருக்கேனும் இளம் வயதில், குறிப்பாக ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்களுக்கு 60 வயதுக்கு முன்பும், மாரடைப்பு ஏற்பட்டிருப்போர்.

• குதிகால் தசைநாண் தடித்திருப்போர், கைவிரல் மூட்டுகளின் மேல் கொழுப்புக் கட்டி உடையோர்.

இவர்களின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ஒருவரிடம் கண்டறியப்படும் குறை, அக்குடும்பத்தில் மற்றொருவரின் மாரடைப்பைத் தடுக்கக்கூடும்.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டிலுள்ள முதியவரின் காபியைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். நாள்தோறும் குடித்துப் பழகியவருக்குத் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவை உண்டாகும். பெரும்பாலோருக்குத் தயாரிக்கும் முறையை மாற்றி, அளவைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். மருத்துவர் தந்த ஸ்டாட்டின் மாத்திரையை "காபியை விட்டுவிட்டேன்" என்னும் காரணத்தால் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

மரபணுவை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் காபியை எப்படித் தயாரிப்பது, எவ்வளவு குடிப்பது, எப்போது பரிசோதிப்பது ஆகியவை நம் கையிலேயே உள்ளன. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, எத்தனை டம்ளர் காபி என்பதோடு, அதை எவ்வாறு தயாரிக்கிறீர்கள் என்பதையும், குடும்பத்தில் எவருக்கு இதயநோய் உள்ளது என்பதையும் தவறாமல் கூறுங்கள்.